குனியக் கூடாத நாற்பத்திரண்டு நாள்

ஜனவரி 17, புதன்

என் பேரன் நிதர்சனின் நெஞ்சுக்குள் வைத்த கம்பியைப் புரட்டியவன் என் தங்கை மகன் மோகனசுந்தரம். பொங்கலன்று காலை ஒன்பதரை மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில், பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நெம்பித் தூக்கினான். பட்டியலின் ஆறாம் எண் அதைத்தான் கூடாது என்கிறது. பட்டியல் கூடத்துப் பீரோவில், உள்ளே வருகிற எவர் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவன் நான். ஆகவே தெரியாது என்று அவன் சொல்ல முடியாது.

இதைப் பதிந்து வைக்கவே இந்த நோட்டைத் தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் நகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் முப்பது வருடமாக மனு எழுதி வருகிறேன். எழுதி வைக்காத குற்றம் இரண்டு வாரத்தில் ஆளுக்கொரு கதையாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

விவரம். நிதர்சன் என் மகள் சுகந்தியின் ஒரே பையன். வயது பதின்மூன்று. அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தாயும் பிள்ளையும் ஐந்து வருடமாகக் கோபியில் என் வீட்டில் இருக்கிறார்கள். பையனுக்குப் பிறவியிலேயே நெஞ்செலும்பு உள்வாங்கி, நடுமார்பில் ஒரு குழி. மல்லாந்து படுத்தால் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும். வளர வளரக் குழியும் வளர்ந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. டிசம்பர் 12 அன்று கோயம்புத்தூரில் அறுவை செய்தார்கள். விலாவின் இரு பக்கமும் சிறிதாகக் கிழித்து, வில் போல் வளைத்த கம்பிப் பட்டை ஒன்றை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்து, எலும்பை முன்னுக்குத் தள்ளி நிறுத்தினார்கள். அது மூன்று வருடம் உள்ளே இருக்க வேண்டும். முதல் நாற்பத்திரண்டு நாள் மிகக் கவனம் என்றார்கள். பொங்கல் முப்பத்து நான்காம் நாள்.

நேற்று இங்கேயே எக்ஸ்ரே எடுத்தோம். கம்பி ஒரு பக்கம் புரண்டிருக்கிறது. நாற்பது வருடம் பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியவன் நான். ஷாஃப்ட் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விலகினாலே மோட்டார் எரிந்துபோகும். படத்தைப் பார்த்தால் இது நாலைந்து நூல் விலகியிருக்கிறது.

மோகனசுந்தரம் இந்த வீட்டுக்கு வந்து, பையன் எதிரில் நின்று, தான் செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். அதுவரை அவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஜனவரி 18, வியாழன்

பட்டியலைப் பற்றியும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து தமிழாக்கினேன். அவர்கள் எழுதியது பதினொன்று. நான் ஆறு சேர்த்துப் பதினேழாக்கினேன். மல்லாந்துதான் படுக்க வேண்டும். புத்தகப் பை தூக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பக் கூடாது. வண்டியில் பின்னால் உட்காரக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் தூக்கவோ கூடாது. இவை அவர்களுடையவை. டிவியில் நகைச்சுவைக் காட்சி பார்க்கக் கூடாது என்பது என்னுடையது. சிரித்தால் வலிக்கிறது என்று அவனே சொன்னான்.

முப்பத்து மூன்று நாள் ஒரு எண்ணையும் மீற விடவில்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் கூட விட்டதில்லை. சுகந்தி ஒருநாள், "ஜெயில் வார்டன் கெட்டாரு போங்க" என்றாள்.

மோகனசுந்தரம் மத்தியானம் போனில் கூப்பிட்டான். பேச்சில்லை என்று முடிவு செய்திருந்தாலும், எடுத்த பிறகுதான் யாரென்று தெரிந்தது.

"மாமா, நானுங்க, மோகன்."

"தெரியுது."

"தம்பி எப்புடி இருக்கறானுங்க?"

"நீ தூக்கி நிறுத்துனதுல நல்லா நிமுந்து படுத்திருக்கறான்."



"தப்புதானுங்க மாமா. பதட்டத்துல கையைக் குடுத்துட்டேன். நாளைக்குக் கோயமுத்தூருக்கு நான் காரெடுத்துட்டு வாறேன். பஸ்ல கிஸ்ல கூட்டிட்டுப் போயிராதீங்க."

"சுகந்திகிட்டச் சொல்லு."

"சரிங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"நான் உள்ள வாறப்ப அவன் ஏனுங்க தரையில கெடந்தான்?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

கோயம்புத்தூர் போய் வந்தோம். மோகனசுந்தரம் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் மாட்டு வண்டி போல ஏற்றி இறக்கினான். அந்த அளவுக்கு நல்லதுதான்.

டாக்டரம்மா சின்ன வயது. படத்தை விளக்கு முன் மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

"அக்குள்ல கை குடுத்துத் தூக்கிட்டாங்க. ஆறாம் நெம்பர்" என்றேன்.

"தூக்குனது சரி. எதுக்குத் தூக்குனாங்க? முன்னாடி என்ன ஆச்சு?"

மோகனசுந்தரம் வெளியே காரில் இருந்தான். சுகந்தி பொங்கலன்று அந்த நேரத்தில் வாசலில் பானை வைத்துக்கொண்டிருந்தவள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் நிதர்சன் பேசிவிட்டான்.

"தல சுத்துச்சுங்க. விழுந்துட்டேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "மயக்கமா? கண்ணு இருட்டிட்டு வந்துச்சா?"

"ஆமாங்க."

அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சே மாறிவிட்டது. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்கள். கம்பிக்கு நேர் பின்னால் இருதயம். கம்பி புரண்டதால் மயக்கம் வரவில்லை, மயக்கம் முதலில் வந்திருக்கிறது என்றால், கம்பி முன்பே இருதயத்தை அழுத்திக்கொண்டிருந்திருக்கலாம் என்றார்கள். ஸ்கேன், இருதயத் துடிப்பைப் பதியும் பெட்டி என்று வரிசையாக எழுதினார்கள்.

"சும்மா குனிஞ்சோ இடிச்சோ பொரண்டிருந்தா கவலையில்ல" என்றார் டாக்டரம்மா. "மறுபடி நிமித்தி, ரெண்டு பக்கமும் இன்னும் இறுக்கமாக் கட்டிடலாம். மயக்கம்னா அப்படி முடியாது. கம்பியை வெளிய எடுத்துட வேண்டியிருக்கும். பிப்ரவரி அஞ்சாந்தேதி நாங்க எல்லாம் உட்கார்ந்து முடிவு பண்றோம்."

"எடுத்துட்டா?" என்றாள் சுகந்தி.

"நெஞ்சு பழையபடி உள்ள போயிடும்மா."

அதுவரை பள்ளிக்கூடம் கிடையாது. தனியாக நடக்கக் கூடாது. குளியலறையில் தாழ் போடக் கூடாது. யாராவது கூடவே இருக்க வேண்டும்.

என்னிடம் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 20, சனி

குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்தது. மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்து இருக்கிறது. பொங்கலுக்கு முன் மூன்றையும் ஒரே இழுப்பில் மேலே நிறுத்தினான். இன்று ஒன்று.

ஜனவரி 21, ஞாயிறு

பட்டியலில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது சேர்த்து எழுதி ஒட்டினேன். தனியாக நடக்கக் கூடாது. தாழ் போடக் கூடாது. கூட ஒருவர் இருக்க வேண்டும்.

சுகந்திக்குப் பண்டகசாலையில் வேலை இருப்பதால் பகலில் கூட இருப்பவன் நான். குளியலறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

"அப்புச்சி, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"திரும்பித்தான் இருக்கறேன்."

"கண்ணாடில தெரியறீங்க."

எழுந்து போய்க் கூடத்துக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். பதின்மூன்று வயசுப் பையன். ஒரு மாதமாக அவனே தாழ் போட்டுக் குளித்தவன்.

ஜனவரி 22, திங்கள்

சீதாலட்சுமிபுரத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. பட்டறையை மூடி ஆறு வருடமாகிறது, வேறு ஆளைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, பிரித்தாவது பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. கைக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும்.

ஜனவரி 24, புதன்

சுகந்தி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நீங்க கூடத்துலதான இருந்தீங்க? இவன் எப்புடி விழுந்தான்? பக்கவாட்டுலயா, மல்லாக்கவா?"

"நான் திருநீத்துத் தட்டை எடுத்துட்டு இருந்தேன்."

"மயங்கி விழறவன் எங்கியாச்சும் அடிபட்டிருக்கணுமில்ல? ஒரு கீறலில்ல. அன்னிக்குக் கட்டியிருந்த புது வேட்டியை இப்பத்தான் தொவைச்சேன். முட்டி ரெண்டுல மட்டும் கோலமாவு."

"சாமி ரூமு கோலத்து மேல விழுந்தா கோலமாவுதான் ஒட்டும்."

"நெத்தியிலயும் ஒட்டியிருந்துச்சுப்பா. அப்ப நான் திருநீறுன்னு நெனச்சுட்டேன்."

நான் தெருவிளக்கு மனுவைத் தேட எழுந்துவிட்டேன். மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியாமல் ஐந்து வாரமாகிறது. மனு கிடைக்கவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

எதிர்ச் சந்துப் பள்ளியில் கொடியேற்றினார்கள். நிதர்சன் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பேண்டுச் சத்தம் கேட்டான். முடிந்ததும், படுத்துக்கொள்கிறேன் என்றான். மணி ஒன்பது.

ஜனவரி 28, ஞாயிறு

சுகந்தி சந்தைக்குப் போயிருந்தாள். அவனுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினால் வலது பக்கம் குத்துகிறது என்கிறான்.

"அந்தக் கம்பியை எடுத்துட்டா எடுத்துட்டுப் போறாங்க. பரவால்லீங்க அப்புச்சி" என்றான்.

"ஏன் பரவால்ல?"

"வாய்க்கால்ல சட்டையோட குளிக்கறவங்களும் இருக்கறாங்கல்ல."

அறுவைக்கு அவனாகத்தான் ஒப்புக்கொண்டான். எனக்கு இஷ்டமில்லை. நன்றாக இருக்கும் நெஞ்சை அறுப்பானேன் என்று சொன்னவன் நான். கத்திக்குப் பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, சித்திரையில் தடப்பள்ளி வாய்க்காலில் பையன்களோடு சட்டை இல்லாமல் குதிக்க வேண்டும் என்றான். பள்ளியில் அவனுக்குக் கிண்ணம் என்று பெயராம். அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரியும்.

"மயக்கம்னு உன்னைய யாரு பொய் சொல்லச் சொன்னா?" என்றேன்.

இதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"யாருஞ் சொல்லலீங்க."

"அப்பறம்?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா உங்ககூடப் பேசாம இருந்தாங்கல்ல, நான் சின்னப்பையனா இருக்கறப்ப. அப்ப நாங்க ஈரோட்டுல வாடக வீட்ல இருந்தோம். நெசத்தச் சொன்னா மறுபடியும் அங்க போக வேண்டி வந்துருமுங்க."

சுகந்தி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதற்காக நான்தான் பேசாமல் இருந்தேன், அவள் அல்ல. எட்டு வருடம். பையன் அதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் திருத்தவில்லை.

"இன்னொரு இட்லி வெக்கட்டுமா?"

"போதுமுங்க. எங்கம்மா கேட்டா மூணு தின்னேன்னு சொல்லுங்க."

ஜனவரி 29, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

பதினேழாம் தேதிக் குறிப்பில் விடுபட்டவை. மனுவில் விவரம் விடுபட்டால் இணைப்பு எழுதுவது முறை. அதன்படி எழுதுகிறேன்.

பொங்கலன்று காலை ஒன்பது இருபதுக்கு நான் சாமி அறைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் திருநீற்றுத் தட்டு. மோகனசுந்தரத்தின் பெண்கள் இருவரும் புதுப் பாவாடையோடு வந்து காலில் விழுந்தார்கள். இருவருக்கும் நெற்றியில் பூசினேன். எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். நிதர்சன் பக்கத்தில் நின்று கைகூப்பினான். அவ்வளவுதான். அப்படியே நின்றான்.

"என்ன, கம்பி உள்ள போனதும் கும்பிடறது நின்னுபோச்சா?" என்றேன்.

"அப்புச்சி, நாலாம் நெம்பருங்க" என்றான்.

நாலாம் எண்: நாற்பத்திரண்டு நாள் முடியும்வரை இடுப்பை மடக்கி முன்னால் குனியக் கூடாது.

நான் சொன்னது இது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "பெரியவங்க கால்ல விழறது குனியறதுல சேராது."

அப்படித்தான் நம்பினேன். பேனா எடுப்பது குனிவது. செருப்பு மாட்டுவது குனிவது. காலில் விழுவது வேறு என்று எழுபத்தொரு வயது வரை நினைத்திருக்கிறேன். முப்பத்து மூன்று நாள் காவல் இருந்தவனுக்கு அந்த ஒரு நிமிஷம் அது உடம்பின் வேலையாகத் தெரியவில்லை. இது சமாதானம் அல்ல. நடந்தது.

அவன் முட்டி போட்டான். கையை ஊன்றினான். நெற்றி கோலத்தில் பட்டது. நான் தலையில் கை வைத்து, நல்லா இரு சாமி என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு நேரம் காலில் கிடக்கிறானே, மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. திருநீற்றை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் முகம் நிமிரட்டும் என்று காத்திருந்தேன். அவன் முனகினது எனக்குக் கேட்கவில்லை. வாசலில் நின்ற மோகனசுந்தரத்துக்குக் கேட்டிருக்கிறது. ஓடி வந்து தூக்கினான்.

இணைப்பு முடிந்தது.

பிப்ரவரி 1, வியாழன்

இருதயத் துடிப்புப் பெட்டியை நேற்று கட்டிவிட்டார்கள். மார்பெல்லாம் ஒயர். கிண்ணம் இப்போது மீட்டர் பெட்டியாகிவிட்டது என்று அவனே சொன்னான். சிரிக்கப் பார்த்து, வலித்து, நிறுத்திக்கொண்டான்.

பிப்ரவரி 2, வெள்ளி

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக மோகனசுந்தரம் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா."

"வல்லீங்க மாமா. பெட்டியைக் குடுத்தீங்கன்னா போயிருவேன்."

"டாக்டரம்மாகிட்ட நீ ஏன் ஒண்ணுஞ் சொல்லல?"

"நான் கார்லதானுங்களே இருந்தேன்?"

"சுகந்திகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"என்னன்னுங்க?" பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். "நான் பாத்தது அவன் முதுகு மட்டுந்தானுங்க. அதுக்கு அந்தப் பக்கம் உங்க காலு இருந்துச்சு. அதைப் போயி என் வாயால சொல்றதுங்களா? சொன்னா அடுத்த நாளே என் மேல மனு எழுதிருவீங்க."

"எழுதியாச்சு. பதினேழாந்தேதியே."

"அதானே பாத்தேன்."

"தூக்குனது தப்புதான்."

"தப்புதானுங்க மாமா. நான் எங்க இல்லீன்னேன்? அந்தப் புள்ள போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்குது. ஆனா அவனுக்கு மயக்கமுமில்ல, கியக்கமுமில்ல. நான் தூக்கறப்ப கண்ணு நல்லா முழிச்சு உங்களையத்தான் பாத்துட்டு இருந்தான்."

பெட்டியை வாங்கிக்கொண்டான். படியிறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்தவன் திரும்பி, "திங்கக்கெழம எத்தன மணிக்குங்க?" என்று கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

மூன்று தடவை சொல்லப் போனேன். முதல் தடவை சுகந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டாம் தடவை மஸ்கட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "அவனுக்கு இருதயத்துலயும் ஏதாச்சும் இருந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் தடவை அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். என்னப்பா என்றாள். தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

வாயால் எனக்கு வராது. எழுத்தில்தான் வரும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சுகந்தி சந்தைக்குப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் வருவாள். பீரோவில் இருந்த பழைய பட்டியலைக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில், அதே உயரத்தில், புதிதாக ஒன்று எழுதி ஒட்டிவிட்டேன். நகல் இங்கே.

1. அர்த்தநாரி, அதாவது நான்: நாளை டாக்டரம்மாவின் அறைக்குள் போனதும், யாரும் கேட்பதற்கு முன்னால், பையன் மயங்கி விழவில்லை என்று சொல்ல வேண்டும். பொங்கலன்று என் காலில் விழச் சொன்னேன். நாலாம் எண் கூடாது என்கிறது என்று பையன் சொன்னான். அப்படியும் விழ வைத்தேன். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையில் வைத்தாகிவிட்டது.

2. டாக்டர்கள்: கம்பியை எடுப்பதா நிமிர்த்துவதா என்பதை இதைப் படித்த பிறகு முடிவு செய்ய வேண்டும். பையனைத் திட்டக் கூடாது.

3. சுகந்தி: என்னோடு பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம். எட்டு வருடம் பேசாமல் இருந்தவன் நான்தான் என்பதைப் பையனிடம் அவள் சொல்லலாம். ஈரோட்டுக்குப் போக வேண்டாம். வீடு அவள் பேரில் இருக்கட்டும், நான் பட்டறையில் படுத்துக்கொள்கிறேன். பையனுக்கு இட்லி மூன்று என்று நான் சொன்னது பொய். இரண்டுதான் தின்றான்.

4. மோகனசுந்தரம்: காலை ஆறு மணிக்குக் காரைக் கொண்டுவர வேண்டும். வாசலில் நிற்காமல் உள்ளே வர வேண்டும். ஆறாம் எண்ணை மீறியது தவறுதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினேழாம் தேதிக் குறிப்பின் முதல் வரியையும் அடிக்க மாட்டேன். அந்த வரியில் அவன் பெயருக்கு முன்னால் என் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.

5. இந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகள்: பொங்கலோ தீபாவளியோ, யாரும் என் காலில் விழ வேண்டாம். மறந்து விழ வந்தால் நான் காலை நாற்காலிக்கு மேல் மடக்கிக்கொள்வேன்.

6. குளியலறைத் தாழ்: பதினெட்டு முதல் இருபது வரையான எண்களை, டாக்டரம்மா சரி என்றதும், நாளைக்கே நான் அடிக்க வேண்டும். கண்ணாடியைப் பழையபடி திருப்ப வேண்டும்.

7. நிதர்சன்: ஒன்றும் செய்ய வேண்டாம்.